ஒரகடத்தில் கார் புகையை அளக்கிறார்கள். உங்கள் கழனி மீத்தேனை அளப்பது யார்? கார்பன் கிரெடிட்டுக்குக் கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை

"நெல் கழனியில் தண்ணீரைக் காயவிட்டுக் கட்டுங்கள், மீத்தேன் குறையும், அதற்குக் கார்பன் கிரெடிட் பணம் வாங்கித் தருகிறோம்" என்று சொல்லும் நிறுவனங்கள் சில ஆண்டுகளாக நாட்டின் பல நெல் மாவட்டங்களில் வேலை செய்கின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வாலாஜாபாத் பக்கம் ஏரிப் பாசனத்திலும் போர் தண்ணீரிலும் நெல் வைக்கும் விவசாயிகளிடமும் இந்தப் பேச்சு வரலாம். பட்டா, சிட்டா, ஆதார் நகல், ஒரு கையெழுத்து என்று கேட்பார்கள். விவசாயிகள் பெரும்பாலும் திருப்பிக் கேட்பது "ஏக்கருக்கு எவ்வளவு வரும்?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "என் கழனியிலிருந்து எவ்வளவு மீத்தேன் போகிறது என்று எப்படித் தெரியும்? அளந்தீர்களா, கணக்குப் போட்டீர்களா?"

இரண்டுக்கும் வித்தியாசம் பெரியது. உங்களுக்குக் கிடைக்கும் பணம் மட்டுமல்ல, கிரெடிட் பிறகு செல்லாமல் போவதும் இதைப் பொறுத்ததுதான்.

சைலன்சரில் விடும் குழாயும் கழனியில் வைக்கும் பெட்டியும்

பைக்குக்குப் புகைச் சான்று எடுக்கப் போனால் சைலன்சருக்குள் ஒரு குழாயை விடுகிறார்கள். பெட்ரோல் வண்டி என்றால், உறிஞ்சிய புகை ஒரு சிறு அறைக்குள் போகிறது. ஒரு பக்கத்திலிருந்து அகச்சிவப்பு ஒளி பாய்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத, வெப்பமாக உணரக்கூடிய ஒளி அது. கார்பன் மோனாக்சைடு ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தையும், எரியாத ஹைட்ரோகார்பன் வேறொரு அலைநீளத்தையும் விழுங்கும். மறுபக்கம் வந்து சேரும் ஒளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் சான்றிதழில் எண் அச்சாகிறது.

இதே வேலை பெரிய அளவில் நடக்கும் இடம் ஒரகடம் சிப்காட்டில் உள்ள குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர். மத்திய கனரகத் தொழில் அமைச்சகத்தின் நாட்ரிப் திட்டத்தில் அமைந்த வாகனச் சோதனை மையம் அது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 விதி வந்த பிறகு, கிலோமீட்டருக்கு இத்தனை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று ஒவ்வொரு மாசுக்கும் வரம்பு உண்டு. ஒரு மாடல் அந்த வரம்புக்குள் இருப்பதை அளந்து காட்டாமல் அதை விற்பனைக்கு விட முடியாது. "எங்கள் இன்ஜின் நல்ல இன்ஜின், சராசரிக் கணக்குப்படி இவ்வளவுதான் புகை வரும்" என்று கார் கம்பெனி எழுதிக் கொடுத்தால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

அந்தச் சோதனை மையத்துக்குச் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கழனிக்கு மட்டும் சராசரிக் கணக்கு போதும் என்கிறார்கள்.

நெல் கழனியில் மீத்தேன் உண்டாவது தேங்கிய தண்ணீரால். சேடை ஓட்டித் தண்ணீர் கட்டியதும் மண்ணுக்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் வைக்கோல், வேர்க்கழிவு, தொழுவுரம் ஆகியவற்றைச் சிதைத்து மீத்தேனை விடுகின்றன. அதில் பெரும்பகுதி நெல் பயிரின் வேர், தண்டுக்குள் உள்ள காற்றுக் குழல்கள் வழியாகவே மேலே போகிறது. கொப்பளமாக வருவது குறைவு. பயிர்தான் புகைபோக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். தூர் கட்டும் பருவத்தில் ஓர் அளவு, பூக்கும் பருவத்தில் ஓர் அளவு, காலையில் ஒன்று, வெயில் ஏறிய பிற்பகலில் வேறொன்று என்று மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்துக் கழனியில் வைக்கோலை மடக்கி உழுதிருந்தால் அங்கே வரும் அளவே வேறாக இருக்கும்.

இதை அளக்க நெடுநாளாக உள்ள வழி பெட்டி முறை. நாலைந்து குத்துகளை ஒரு பெட்டியால் மூடி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை சிரிஞ்சில் காற்றை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி கேஸ் குரோமட்டோகிராப் கருவியில் பார்ப்பார்கள். நல்ல முறைதான். ஆனால் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை, காலை நேரத்தில் மட்டும் எடுத்த மாதிரியை வைத்துப் பருவம் முழுக்கக் கணக்கிட வேண்டியிருக்கும்.

லேசர் வந்த பிறகு என்ன மாறியது?

காற்றில் மீத்தேன் மிகக் குறைவு. பத்து லட்சம் மூலக்கூறுகளை எண்ணினால் இரண்டு கூட இராது. புகைச் சான்றுக் கருவியின் விளக்கை வைத்து இதைப் பிடிக்க முடியாது. அந்த விளக்கின் ஒளி அகலமானது. கழனி மேல் நிறைந்திருக்கும் நீராவியும் அதே வட்டாரத்தில் ஒளியை விழுங்கிக் கணக்கைக் கெடுத்துவிடும்.

லேசரின் ஒளி ஊசி முனை போல் குறுகியது. மீத்தேன் விழுங்கும் கோடுகள் 3.3 மைக்ரான், 1.65 மைக்ரான் அலைநீளங்களை ஒட்டி வரிசையாக உள்ளன. நீராவிக் கோடு குறுக்கிடாத ஓர் இடத்தைத் தேர்ந்து, அங்கே லேசரைக் கொண்டு நிறுத்துகிறார்கள். எந்த வாயு எந்த இடத்தில் எவ்வளவு விழுங்கும் என்பதை உலக ஆய்வகங்கள் பல பத்தாண்டுகளாக அளந்து, ஹிட்ரான் என்ற பெயரில் தொகுத்து வைத்திருக்கின்றன. 1.65 மைக்ரான் லேசர், ஃபைபர் நெட் கேபிளுக்குப் பயன்படும் லேசருக்கு நெருங்கிய உறவு என்பதால், சாதாரணத் தயாரிப்பிலேயே கிடைக்கிறது.

அடுத்தது கண்ணாடி. ஒரு முழத்துக்கும் குறைவான குழாயின் இரு முனைகளிலும் மிகத் துல்லியமான கண்ணாடிகளை வைத்தால், ஒளி முன்னும் பின்னும் ஓடிப் பல கிலோமீட்டர் தூரம் காற்றைக் கடந்தது போல ஆகிவிடும். லேசரை அணைத்ததும் உள்ளே இருக்கும் ஒளி எவ்வளவு விரைவில் மங்குகிறது என்று மைக்ரோ விநாடிக் கணக்கில் பார்க்கிறார்கள். மீத்தேன் இருந்தால் சீக்கிரம் மங்கும். இப்படி நூறு கோடி மூலக்கூறுகளில் ஒன்று கூடினாலும் கண்டுபிடித்துவிட முடிகிறது.

(இந்த வாயுவுக்கு வேறொரு பெருமையும் உண்டு. 1972-இல் அமெரிக்காவில் ஒளியின் வேகத்தை மிகத் துல்லியமாக அளந்தபோது, மீத்தேன் கோட்டில் பூட்டி வைத்த லேசரைத்தான் பயன்படுத்தினார்கள். இன்று நாம் பயன்படுத்தும் மீட்டர் அளவு 1983 முதல் ஒளியின் வேகத்தை வைத்தே வரையறுக்கப்படுகிறது.)

உங்களுக்கு இதனால் என்ன பயன்? பெட்டியை வைத்து மூன்று நான்கு நிமிடத்தில் அளவு கையில் கிடைக்கும். மாதிரி எடுத்து அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். கருவியைத் தூக்கிக்கொண்டு ஒரே நாளில் பல கழனிகளில் அளக்கலாம். நடுவயலில் கோபுரம் நட்டு விநாடிக்குப் பத்து முறை தொடர்ந்து அளக்கும் முறையும் இருக்கிறது. கட்டாக்கில் உள்ள தேசிய நெல் ஆராய்ச்சி நிறுவனம் அந்த வகைக் கோபுர அளவீட்டை நெல் வயலில் செய்திருக்கிறது. ஆனால் நம் பகுதிக்குக் கோபுரத்தை விடப் பெட்டியே பொருத்தம் என்பது என் கருத்து. ஒரு பக்கம் குப்பைமேடு, ஒரு பக்கம் கழிவுநீர்க் கால்வாய், நடுவில் மாட்டுத் தொழுவம் என்றிருக்கும் இடத்தில், காற்று திரும்பினால் அந்த மீத்தேனும் கோபுரத்துக்கு வந்துவிடும். பெட்டிக்குள் உங்கள் பயிர் மட்டும்தான் இருக்கும்.

இவ்வகைக் கருவிகளின் விலை பல லட்சம் ரூபாய். எல்லாக் கழனிக்கும் வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். ஒரு ஏரி ஆயக்கட்டில் சில கழனிகளில் அளந்தாலே அந்த ஆயக்கட்டுக்குச் சொந்தமான எண் கிடைக்கும். வேறு நாட்டின் சராசரியை நம் தலையில் கட்டுவதை விட அது எவ்வளவோ மேல்.

அளக்காமல் போட்ட கணக்கு ஒருமுறை நம்மை எப்படிக் குற்றவாளி ஆக்கியது

இது வெறும் பேச்சு அல்ல. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் விடுவதாக மதிப்பிட்டது. மேலை நாட்டு வயல்களில் அளந்ததை நம் நெல் பரப்பால் பெருக்கிப் போட்ட கணக்கு அது. அதே காலத்தில்தான் தில்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், ஏழை நாட்டு நெல்லையும் மாட்டையும் பணக்கார நாட்டுக் காரோடு ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது நியாயமா என்று கேட்டார்கள்.

தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா அதற்கு அளவீட்டால் பதில் சொன்னார். 1991-இல் அவர் ஒருங்கிணைத்த மீத்தேன் இயக்கத்தில் பல நிறுவனங்கள் நாட்டின் வெவ்வேறு நெல் பகுதிகளில் பெட்டி வைத்து அளந்தன. விடை ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன். அமெரிக்கா சொன்னதில் ஒன்பதில் ஒரு பங்கு! அன்று லேசர் கூட இல்லை, பெட்டியும் சிரிஞ்சும்தான்.

அன்று எண் பெரிதாக இருந்ததால் பழி நம் மேல் விழுந்தது. இன்று கிரெடிட் விற்பவருக்கு எண் பெரிதாக இருந்தால் லாபம். எதுவானாலும் அளக்காத எண்ணால் கடைசியில் மாட்டிக்கொள்வது கழனிக்காரர்.

ஏக்கருக்கு எவ்வளவு வரும்? நீங்களே போட்டுப் பாருங்கள்

ஐ.பி.சி.சி. என்ற பன்னாட்டுக் குழு 2019-இல் திருத்திய வழிகாட்டியில், தெற்காசிய நெல்லுக்கு எக்டருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன் என்ற இயல்பு மதிப்பைத் தந்திருக்கிறது. தொழுவுரம் எதுவும் போடாமல், எப்போதும் தண்ணீர் நிற்கும் கழனிக்கான அளவு இது. 110 நாள் பயிர் என்று வைத்தால் எக்டருக்கு 93 கிலோ, ஏக்கருக்கு 38 கிலோ. பல முறை காயவிட்டுத் தண்ணீர் கட்டினால் இது 45 சதவீதம் குறையும் என்பது அதே வழிகாட்டியின் கணக்கு. அதாவது ஏக்கருக்கு 17 கிலோ மீத்தேன் மிச்சம். ஒரு கிலோ மீத்தேனை 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாக எடுத்தால் சுமார் 475 கிலோ.

ஒரு கிரெடிட் என்பது ஒரு டன். ஆகவே ஒரு ஏக்கர், ஒரு பருவத்துக்கு அரைக் கிரெடிட் கூடத் தேறவில்லை. கிரெடிட் 1,000 ரூபாய்க்கு விற்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் மொத்தம் 475 ரூபாய். அதில் நிறுவனத்தின் பங்கு, சரிபார்ப்பவர் கட்டணம், பதிவுக் கட்டணம் போக மீதிதான் உங்களுக்கு. "ஏக்கருக்கு ஐந்தாயிரம், பத்தாயிரம்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டி எப்படி வருகிறது என்று கேளுங்கள்.

இதிலும் கழிவு உண்டு. கழனி காய்ந்து நனையும்போது யூரியாவிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். அது ஒரு கிலோ போனால் 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஏக்கருக்கு அரைக் கிலோ கூடுதலாகப் போனாலே 130 கிலோவுக்கு மேல் கழிந்துவிடும். இந்த வாயுவையும் லேசரால் அளக்க முடியும். மீத்தேனை மட்டும் காட்டி இதை மறைக்கும் கணக்கு அரைக் கணக்கு.

"சாட்டிலைட்டில் பார்க்கிறோம்" என்றால்

இந்த வார்த்தையில்தான் பலர் மயங்குகிறார்கள். நெல் திட்டங்களில் பயன்படும் சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள் பார்ப்பது உங்கள் கழனியில் தண்ணீர் நிற்கிறதா, வடிந்திருக்கிறதா என்பதை. மேகமூட்டத்திலும் அது தெரியும், பயனுள்ளதுதான். ஆனால் அது மீத்தேனைப் பார்ப்பதில்லை. ஈரம், காய்ச்சல் என்று எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன இயல்பு மதிப்பால் பெருக்கிவிடுகிறார்கள்.

மீத்தேனையே பார்க்கும் ட்ரோபோமி என்ற கருவி 2017 முதல் வானில் இருக்கிறது. அதற்குத் தெரியும் ஒரு கட்டம் சுமார் 5.5 கிலோமீட்டருக்கு 7 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூர் ஊர், ஏரி, சிப்காட்டின் ஒரு பகுதி, நடுவில் மிஞ்சியிருக்கும் நெல் எல்லாம் அந்த ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். உங்கள் இரண்டு ஏக்கரை அதில் தேட முடியாது. 2024 மார்ச்சில் ஏவிய மீத்தேன்சாட் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கக் கூடியது. 2025 ஜூனில் அதனுடன் தொடர்பு அறுந்துவிட்டது.

சந்தையின் நிலை

ஒன்றிய அரசு 2023 ஜூனில் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை அறிவித்தது. 2024 ஜனவரியில் வேளாண் அமைச்சகம் விவசாயத்துக்கான தன்னார்வக் கார்பன் சந்தைக் கட்டமைப்பை வெளியிட்டது. பெருநிறுவனங்கள் கிரெடிட் வாங்க ஆர்வம் காட்டுகின்றன. ஒரகடம் போன்ற இடங்களில் ஆலை நடத்தும் நிறுவனங்களும் நாளைக்கு வாங்குபவர்களாக இருக்கக் கூடும்.

மறுபக்கமும் பாருங்கள். கிரெடிட் பதிவு செய்யும் வெர்ரா என்ற அமைப்பு, நெல்லுக்கான பழைய கணக்கு முறையை 2023-இல் நிறுத்தி வைத்தது. 2024 ஆகஸ்டில் சீனாவின் 37 நெல் திட்டங்களை, விதிகளின்படி நடந்ததாக நிரூபிக்கவில்லை என்று தள்ளுபடி செய்தது. 2025 பிப்ரவரியில் நெல்லுக்குப் புதிய முறையை வெளியிட்டது. ஆகவே உங்களிடம் வருபவரிடம் எந்த முறையில், எந்தப் பதிவேட்டில் திட்டம் இருக்கிறது, பதிவு எண் என்ன என்று கேளுங்கள். "பதிவுக்குப் போட்டிருக்கிறோம்" என்பது பதிவான திட்டம் ஆகாது.

நம் பகுதிக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. இவ்வகை ஒப்பந்தங்கள் பல ஆண்டுகளுக்கானவை. சிப்காட் விரிவாக்கம், மனைப் பிரிவுகள், 2022-இல் இடம் அறிவிக்கப்பட்டு ஏகனாபுரம் மக்கள் தொடர்ந்து எதிர்க்கும் பரந்தூர் விமான நிலையம் என்று இங்கே நிலம் எப்போது யார் கைக்குப் போகும் என்பது உறுதியில்லை. நிலம் கையகப்படுத்தப்பட்டால் அல்லது விற்றால் ஒப்பந்தம் என்ன ஆகும், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா என்ற வரி தமிழில் எழுதப்பட்டிருக்க வேண்டும். குத்தகைக்குப் பயிர் வைப்பவர் என்றால், தண்ணீரைக் காயவிடுபவர் நீங்கள், பட்டா வேறொருவர் பெயரில். பணம் யாருக்கு என்பதையும் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கழனியில் செய்ய வேண்டியது

கிரெடிட் வந்தாலும் வராவிட்டாலும் நீர் மறைய நீர் கட்டுதல் போர் பாசனக்காரர்களுக்கு நல்ல வழி. மின்சாரம் இலவசம் என்பதால் பில் குறையாது. போரில் தண்ணீர் மிஞ்சும். ஓர் அடி நீளம், அரை அடி வரை விட்டம் உள்ள பி.வி.சி. குழாயின் கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளையிட்டு, அந்தப் பாதியை மண்ணுக்குள் புதைத்து உள்மண்ணை எடுத்துவிடுங்கள். நடவு வேர் பிடித்த பிறகு, குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கும் வரை காத்திருந்து மறுபடி கட்டுங்கள். பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை காயவிட வேண்டாம், 5 செ.மீ. தண்ணீர் நிற்கட்டும். யூரியாவைக் கழனி காய்ந்திருக்கும்போது போட்டால் உடனே தண்ணீர் கட்டிவிடுங்கள். போட்டுவிட்டுக் காயவிடுவதுதான் நட்டம்.

ஏரி மடைத் தண்ணீரை நம்பியிருப்பவர்களுக்கு இது அவ்வளவு எளிதல்ல. முறைத் தண்ணீர் வரும்போது மேல் கழனிக்காரர் கட்டிக்கொண்டால் கீழ் கழனிக்காரரால் தனியாகக் காயவிட முடியாது. வடகிழக்குப் பருவமழையில் சிக்கும் சம்பாவில் யார் நினைத்தாலும் கழனி காயாது. நவரையில்தான் இது சரிப்படும். சம்பாவுக்கும் சேர்த்து மீத்தேன் குறைத்ததாகக் கணக்குக் காட்டும் திட்டத்தைச் சந்தேகத்தோடு பாருங்கள். ஏரிப் பாசனத்தில் தனி ஆளாகச் சேராமல் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் அல்லது உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகப் பேசுவது நல்லது. ஆயக்கட்டுக்குள் சில கழனிகளிலாவது லேசர் கருவியோ பெட்டி முறையோ வைத்து இரண்டு பருவம் அளக்க வேண்டும், அளவீட்டு எண்களின் நகல் சங்கத்துக்குத் தர வேண்டும் என்ற நிபந்தனையைத் தனி விவசாயி கேட்டால் சிரிப்பார்கள். இருநூறு ஏக்கர் சேர்ந்து கேட்டால் யோசிப்பார்கள்.

வைக்கோலை மடக்கி உழுபவர்கள் சேடைக்கு ஒரு மாதம் முன்பே உழுதுவிட்டால் மீத்தேன் பெருமளவு குறையும். பச்சை வைக்கோலைத் தண்ணீருக்குள் மிதித்து உடனே நடுவதுதான் அதிகம் கூட்டுகிறது. மக்கிய உரம் போட்டால் கூடுவது கொஞ்சம்தான்.

ஏற்கெனவே காயவிட்டுத் தண்ணீர் கட்டுபவர்களுக்கு ஓர் உண்மை. புதிதாக மாறுபவர்களுக்குத்தான் கிரெடிட் விதி இடம் தருகிறது. பல ஆண்டுகளாகச் சிக்கனமாக இருந்தவருக்குப் பணம் இல்லை. இது நியாயமில்லை என்பதே என் கருத்து. ஆனாலும் பணத்துக்காகப் பழைய பழக்கத்தை மறைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். சரிபார்ப்பில் வெளியே வந்தால் கிராமத்துத் திட்டமே கவிழும்.

இந்த நவரையிலிருந்தே ஒரு நோட்டுப் போடுங்கள். சேடை ஓட்டிய நாள், தண்ணீர் கட்டிய நாட்கள், குழாயில் இருந்த மட்டம், உரம் போட்ட நாள், வைக்கோலை என்ன செய்தீர்கள் என்று எழுதி வாருங்கள். ஒப்பந்தம் கொண்டு வந்தால் கையெழுத்துக்கு முன் ஒரு நகலை வாங்கிக்கொண்டு, உங்கள் வட்டார வேளாண் உதவி இயக்குநர் அலுவலகத்திலோ காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டுங்கள். நெல் தண்ணீர் நிர்வாகம் பற்றிய சந்தேகத்துக்குத் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகலாம்.